தோணிமேட்டு எல்லைக் கமிட்டி

“சட்டியைக் கொஞ்சம் எறக்கி வையி தாயி, தொகுதி வருது” என்றார் கோமதிநாயகம்.

பூதத்தானின் மனைவி குழம்பை இறக்கி வைத்தாள். கொத்தனார் இசக்கிமுத்து நூலின் ஒரு நுனியோடு வாசல் வழியாக நுழைந்தார். அடுப்புக்கு மேலாக அதைக் கொண்டுபோய், பின்சுவரில் முட்டி நின்றார். சுவரில் ஜன்னல் இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு உளியை எடுத்து, நூல் போகிற அளவுக்கு ஓர் ஓட்டை போட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் படுக்கிற அறையில் நின்ற பூதத்தான் நுனியைப் பிடித்து இழுத்தார்.

“வளையலியே?” என்று கேட்டார் கோமதிநாயகம்.

“வளையல அண்ணாச்சி. கட்டிலு மேல போவுது.”

“யாரு கட்டிலு?”

“என் கட்டிலுதான்.”

“போவட்டும். நம்ம கட்டிலுங்கிறதுக்காக வளைச்சா நாளைக்கு ஊரு என்ன பேசும்?”

பூதத்தானுக்கு அது நியாயமாகப் பட்டது. நூலை இழுத்துக் கட்டி, அதன் ஓரமாகவே சுண்ணாம்புத் தூளைக் கொட்டிக்கொண்டு போனார்கள். கட்டில்மேல் மட்டும் தூள் நிற்காததால் போர்வையில் கரித்துண்டால் கோடு கிழித்தார்கள்.

இவர்கள் மூவரும்தான் தோணிமேட்டின் எல்லைக் கமிட்டி. கோமதிநாயகம் தலைவர். இசக்கிமுத்து கொத்தனார் என்பதால் நேர்கோட்டுக்குப் பொறுப்பு. பூதத்தானை ஏன் சேர்த்தார்கள் என்பது பூதத்தானுக்கும் தெரியாது. இரண்டு சட்டசபைத் தொகுதிகளுக்கு நடுவில் அவர்கள் ஊர் இருந்தது. பழைய எல்லைக்கோடு ஊருக்குள் நுழைந்து, ஒரு வேட்பாளருடைய சித்தப்பா வீட்டைச் சுற்றிக்கொண்டு, அவருக்கு ஆகாத தெருவை அப்படியே விட்டுவிட்டு, குளத்தில் ஒரு தடவை கால் நனைத்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. வரைபடத்தில் பார்த்தால் பேனாவை வைத்துக்கொண்டே யாரோ தும்மியது போலிருக்கும்.

இதையெல்லாம் சீர்திருத்துவதற்காக ஓர் அதிகாரி வந்தார். வரைபடம் ஒன்றைக் கொடுத்து, ஊரார் கலந்துபேசி ஒரு கோடு போட்டுத் தரவேண்டும் என்றார்.

“கோடு நேரா இருக்கணும். யாருக்காகவும் வளையக்கூடாது. ரெண்டு பக்கமும் ஆளுங்க சமமா இருக்கணும். போட்ட பிறகு நான் வந்து பார்க்கிற வரைக்கும் எதுவும் மாறக்கூடாது. புரிஞ்சுதா?”

புரிந்தது என்றார்கள். அதிகாரி போன பிறகு வரைபடம் அழுக்காகாமல் இருக்கட்டும் என்று கோமதிநாயகம் அதைப் பரணில் பத்திரமாக வைத்தார். கோட்டைத் தரையில் போட்டால்தானே எல்லோருக்கும் தெரியும்.

கோடு போட்டு முடித்ததும் ஊரை இரண்டு பக்கமும் நிற்கவைத்து எண்ணினார்கள். பூதத்தான் விஷயத்தில்தான் சிக்கல். அவர் படுத்தால் தலை கிழக்கேயும் கால் மேற்கேயும் இருக்கும்.

“தலையைத்தான் எண்ணணும். தலை கிழக்க கெடக்கு” என்றார் கோமதிநாயகம்.

“ஓட்டுப் போட நடந்து போறது காலுல்லா? காலு மேற்க கெடக்கே” என்றார் இசக்கிமுத்து.

“நடுவுல வயிறுன்னு ஒண்ணு இருக்கு” என்றார் பூதத்தான். “அதை ஒரு தேர்தல்லயும் யாரும் கேட்டதில்ல.”

கோமதிநாயகம் கேட்டார்:

“ஓட்டுப் போட்டா மை எங்கவே வைக்கான்?”

“வெரல்ல.”

“எந்த வெரல்ல?”

“இடது கை ஆள்காட்டி வெரல்ல.”

“அந்த வெரலு எந்தப் பக்கமோ ஆளும் அந்தப் பக்கம்.”

இனி பூதத்தான் இடது கையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்க வேண்டும், அவர் கிழக்குத் தொகுதி என்று முடிவாயிற்று. அதன்பின் எண்ணிப் பார்த்தால் இரண்டு பக்கமும் சரிசமமாக வந்தது. அப்படி வரும் என்று அவர்களே எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் பயந்துபோனார்கள்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. எதுவும் மாறக்கூடாது என்று அதிகாரி சொல்லியிருந்தார். மளிகைக் கடை கிழக்கே இருந்தது, அடிபம்பு மேற்கே. கிழக்கிலிருந்து ஒருத்தி தண்ணீருக்குப் போனால் கிழக்கே ஒன்று குறைந்து மேற்கே ஒன்று கூடிவிடும். அந்த நேரம் பார்த்து அதிகாரி வந்துவிட்டால்?

இசக்கிமுத்து கோட்டருகில் நின்றுகொண்டார். இங்கிருந்து ஒருவர் போனால் அங்கிருந்து ஒருவர் வர வேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கோட்டைத் தாண்ட வேண்டும். காலையில் தண்ணீருக்குப் போகிறவர்களும் கடைக்கு வருகிறவர்களும் ஜோடி ஜோடியாகத் தாண்டினார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. வெயில் ஏறியதும் கடைக்கு வர ஆளில்லை. கிழக்கே குடங்களோடு பெண்கள் ரயில்வே கேட்டில் நிற்பதுபோல் வரிசையாக நின்றார்கள். “யாருக்காச்சும் சீரகம் கீரகம் வேணுமாட்டி?” என்று மேற்கே பார்த்துக் கூவினார்கள்.

நடுவில் மேற்கே ஒரு வீட்டுக்கு வெளியூர் மாப்பிள்ளை விருந்துக்கு வந்துவிட்டார். கோமதிநாயகம் கிழக்குப் பக்கம் வீடு வீடாகப் போய், உங்களுக்கும் யாராவது விருந்தாளி வரக்கூடாதா என்று கெஞ்சினார். கடைசியில் மளிகைக் கடைக்காரர், வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த மைத்துனரை ஆள் அனுப்பி வரவழைத்தார். மைத்துனர் அழுதுகொண்டே வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். “அழுததெல்லாம் போதும், உள்ள போயி உக்காரும். கணக்குக்குத்தான் கூப்பிட்டேன்” என்றார் கடைக்காரர்.

இதெல்லாம் சமாளிக்கக்கூடியதாக இருந்தது. செண்பகவல்லி விஷயம்தான் அப்படி இல்லை.

செண்பகவல்லி மேற்கே வேல்துரையின் மனைவி. அவள் அம்மா உலகம்மாளின் வீடு தெருவுக்கு எதிர்ப்புறம், கிழக்கே. ஒரு வீட்டில் தாளித்தால் மற்ற வீட்டில் தும்முவார்கள். செண்பகவல்லிக்கு இது தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்து, அம்மா வீட்டுக்கு அழைத்துப் போக நாள் குறித்திருந்தார்கள். குறித்த நாளில் உலகம்மாள் பூவும் பழமுமாகத் தெருவைத் தாண்ட வந்தாள். கோட்டில் இசக்கிமுத்து மறித்தார்.

“எங்க போறீய?”

“எம்மவளைக் கூட்டியாரப் போறேன். தள்ளிக்கோ.”

“நீங்க போனா அங்கேருந்து ஒராளு வரணும் மைனி. திரும்பி வாரப்போ நீங்க ரெண்டு பேரு. அப்ப இங்கேருந்து ரெண்டு பேரு போவணும்.”

“ரெண்டு பேரா மூணு பேரா?” என்றார் கோமதிநாயகம்.

இசக்கிமுத்து திகைத்துப்போனார். வயிற்றில் இருப்பதை அவர் யோசிக்கவில்லை. கமிட்டி அங்கேயே கூடியது.

“வெரல் இருந்தா ஆளு. அதுதானே தீர்மானம்?” என்றார் பூதத்தான். “உள்ள வெரல் வந்திருக்குமா?”

மருத்துவச்சி மாடத்தி கிழக்கே தன் வீட்டு வாசலில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். அவளைக் கேட்டார்கள்.

“வெரலா? நகமே வந்திருக்கும்.”

“அதுல மை வைக்க முடியுமா?”

“ஒன் வாயில வைக்கேன் மை. போலே அங்கிட்டு.”

மை வைக்க முடியாது என்பதை அவள் இப்படிச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டார்கள். ஆகவே செண்பகவல்லி ஒரே ஆள். அவளுக்கு மாற்றாகக் கிழக்கிலிருந்து ஒருவர் மேற்கே போய், பிள்ளை பெற்று அவள் திரும்புகிற வரையில் அங்கே குடியிருக்க வேண்டும். யாரும் முன்வரவில்லை. ஒருவருக்குக் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. இன்னொருவருக்கு மேற்குப் பக்கத்துத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது. அதே அடிபம்புத் தண்ணீரைத்தான் பிறந்ததிலிருந்து குடித்துக்கொண்டிருந்தார்.

“மாமா, நான் எங்கம்மா வீட்டுலதான் பெத்துக்கிடுவேன்” என்று செண்பகவல்லி மேற்கே வாசலில் நின்று சொன்னாள். “ஒங்க சுண்ணாம்பைப் பாத்துப் பெத்துக்கிட முடியாது.”

“பொறு தாயி. சனநாயகம்னா கொஞ்சம் பொறுத்துத்தான் ஆவணும்” என்றார் கோமதிநாயகம்.

அவள் பொறுத்தாள். வயிற்றில் இருந்தது பொறுக்கவில்லை. மறுநாள் மத்தியானம் வலி கண்டுவிட்டது.

வேல்துரை தெருவுக்கு ஓடிவந்தான். “மாடத்தியம்மாவை இங்க அனுப்புங்க! சீக்கிரம் அனுப்புங்க!”

“நான் இங்க பெறமாட்டேன்! எங்கம்மாகிட்ட போறேன்!” என்று உள்ளேயிருந்து செண்பகவல்லி கத்தினாள்.

காலையிலிருந்து கோட்டின் இருபுறமும் ஒவ்வொரு காலை வைத்து நின்றுகொண்டிருந்த கோமதிநாயகத்தின் முகம் மலர்ந்தது.

“ஏவே இசக்கிமுத்து! ஒருத்தி கிழக்கேருந்து மேற்க வரணும்ங்கா. ஒருத்தி மேற்கேருந்து கிழக்க போணும்ங்கா. கணக்கு தானா வந்து நிக்குவே!”

உடனே ஏற்பாடாயிற்று. மாடத்தி பையை எடுத்துக்கொண்டு கிழக்கிலிருந்து விறுவிறுவென்று வந்தாள். வேல்துரை செண்பகவல்லியைத் தாங்கிக்கொண்டு கோடு வரைக்கும் வந்து, அந்தப் பக்கம் நின்ற உலகம்மாள் கையில் ஒப்படைத்தான். இசக்கிமுத்து மறித்திருந்த கையை இறக்கினார். இரண்டு பெண்களும் ஒரே சமயத்தில் கோட்டைத் தாண்டினார்கள். தாண்டும்போது மாடத்தி செண்பகவல்லியின் தாடையைத் தொட்டு, “பயப்படாதட்டி, இந்தா நான் வந்துட்டேன்லா” என்று சொல்லிவிட்டு மேற்கே நடந்தாள்.

வேல்துரையின் வீட்டுக்குள் போய்ப் புடவையைச் செருகிக்கொண்டாள்.

“வெந்நி போட்டாச்சா?”

“போட்டாச்சு.”

“துணி?”

“இந்தா இருக்கு.”

“பிள்ளத்தாச்சி எங்கலே?”

வேல்துரை எதிர்வீட்டைக் காட்டினான். இரண்டு பேரும் கொஞ்சநேரம் எதிர்வீட்டைப் பார்த்தார்கள். அங்கிருந்து அலறல் கேட்டது.

“மாடத்தீ! எங்கட்டி தொலைஞ்சே?” என்று உலகம்மாளின் குரல்.

“இங்க இருக்கேன்!”

“அங்க என்னட்டி பண்ணுதே? இங்க வா!”

“ஆளை அனுப்பச் சொல்லு, வாரேன்!”

கமிட்டி மீண்டும் கூடியது. கூட வேண்டிய மூவரில் பூதத்தான் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போயிருந்தார்.

“நான் போவேன்வே” என்றார் கோமதிநாயகம். “ஆனா தலைவரே ஒரு பக்கம் சாஞ்சிட்டாருன்னு பேச்சு வரும்.”

“நான் கோட்டை விட்டு அசைய முடியாது” என்றார் இசக்கிமுத்து.

“செத்துருவா போலிருக்குவே! ஏதாச்சும் பண்ணுங்க!” என்று வேல்துரை அழுதான். கிழக்கிலிருந்து ஓர் ஆள், ஒரே ஓர் ஆள் மேற்கே வந்தால் போதும்.

இசக்கிமுத்து மெதுவாகத் திரும்பி பூதத்தான் வீட்டைப் பார்த்தார். கோமதிநாயகமும் பார்த்தார். இருவரும் ஓடினார்கள்.

பூதத்தான் மல்லாந்து படுத்திருந்தார். இடது கை விதிப்படி தலையணைக்கு அடியில் இருந்தது.

“எழுப்புவோமா?”

“எழுப்பாதீரும். எழுந்தா எந்தப் பக்கமா எறங்குவாரோ யாரு கண்டா? கையை மட்டும் கொண்டுவாரும்.”

இசக்கிமுத்து தலையணைக்கு அடியிலிருந்து கையை உருவினார். சுவருக்குப் பூச்சுப் பூசுகிற நிதானத்தோடு அதை மார்பு வழியாக, வயிறு வழியாகக் கீழே கொண்டுவந்தார். கோமதிநாயகம் போர்வையில் கிழித்திருந்த கரிக்கோட்டை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மணிக்கட்டு கோட்டுல இருக்கு… இன்னும் இழும்… உள்ளங்கை தாண்டியாச்சு… வெரலும் வந்துட்டு!” வாசலுக்கு ஓடி, “மாடத்தியம்மா, போவலாம்!” என்று கத்தினார்.

மாடத்தி தெருவில் இறங்கி ஓடினாள். பாதி வழியில் இருக்கும்போது பூதத்தானின் மூக்கில் ஓர் ஈ உட்கார்ந்தது. கையைத் தூக்கி அதை விரட்டினார்.

“நில்லுங்க! கிழக்க வந்துட்டாரு!” என்று உள்ளேயிருந்து இசக்கிமுத்து கத்தினார்.

மாடத்தி ஒரு காலைத் தூக்கியபடியே நின்றாள். இசக்கிமுத்து கையைப் பிடித்து மறுபடியும் மேற்கே கொண்டுவந்து, தன் இரண்டு கைகளாலும் அழுத்திக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். “நான் விடமாட்டேன், போவச் சொல்லும்!”

மாடத்தி கோட்டைத் தாண்டி உலகம்மாள் வீட்டுக்குள் நுழைந்தாள். வேல்துரை கோட்டோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நகத்தைக் கடித்தான். வெகுநேரம் கழித்து ஒரு சின்ன அழுகை கேட்டது. அதைத் தொடர்ந்து உலகம்மாளின் குலவை.

பூதத்தான் விழித்தார். தன் கையைப் பிடித்தபடி வியர்வையோடு உட்கார்ந்திருக்கும் இசக்கிமுத்துவைப் பார்த்தார்.

“என்னவே?”

“பிள்ளை பொறந்திருக்கு.”

“யாருக்கு?” என்றார் பூதத்தான், கையை இழுத்துக்கொண்டு.

தாயும் பிள்ளையும் நலம். ஆண்பிள்ளை. கமிட்டி ஆளுக்கொரு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டது. அதன்பிறகுதான் கோமதிநாயகம் மெல்லுவதை நிறுத்தினார்.

“கிழக்க ஒண்ணு கூடிட்டுதே.”

மாடத்தியிடம் போய் வெளியே வந்த விரலில் மை நிற்குமா என்று கேட்க யாருக்கும் துணிவு இல்லை. நிற்கும் என்றே வைத்துக்கொண்டார்கள். இரண்டு விருந்தாளிகளையும் ஒரே பஸ்ஸில் ஊருக்கு அனுப்பி, வேறு குழப்பம் இல்லாமல் பார்த்துக்கொண்டார்கள். அதிகாரி வருகிற தேதியும் தெரிந்துவிட்டது. பூதத்தானின் கையை மேற்கேயே வைத்து எண்ணினாலும் கிழக்கே ஓர் ஆள் அதிகம்.

“மேற்கயும் ஒண்ணு பொறந்துட்டா சமமாப் போயிரும்” என்றார் பூதத்தான். எல்லோரும் மேற்கே புதிதாகக் கல்யாணமான ஜோடியைத் திரும்பிப் பார்த்தார்கள். ஜோடி கதவைச் சாத்திக்கொண்டது.

“அதுக்கு மாசக்கணக்கா ஆவுமே.”

“அதிகாரியை அப்புறமா வரச் சொன்னா?”

“அப்ப பிள்ளையைப் பங்கு வைப்போம்” என்றார் கோமதிநாயகம். “பகல்ல கிழக்க, ராத்திரி மேற்க.”

இதைச் சொல்ல உலகம்மாள் வீட்டுக்குப் போனார்கள். செண்பகவல்லி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“தொட்டுப் பாருங்க” என்றாள் அமைதியாக. “என் பிள்ளை என் கண்ணு மறைவா எங்கயும் போவாது. நானும் எங்கம்மா வாசலை விட்டு இப்ப அசையமாட்டேன். ஒங்க கோடு வேணும்னா எந்திரிச்சுப் போவட்டும்.”

வெளியே வந்து நின்றார்கள். கோடு எழுந்து போகாது என்பதில் மூவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. இசக்கிமுத்து யோசனையில் தன் தூக்குக்குண்டை எடுத்து, நூலில் ஆடவிட்டுக்கொண்டிருந்தார். குண்டு கோட்டுக்கு மேல் கிழக்கே போயிற்று, மேற்கே வந்தது.

“அண்ணாச்சி” என்றார் மெதுவாக. “இது இப்ப எந்தப் பக்கம்?”

கோமதிநாயகம் பார்த்தார். “கிழக்க. இல்லவே, மேற்க. இரும்… கிழக்க.”

மூவரும் தலையை நிமிர்த்தினார்கள். உலகம்மாள் வாசலுக்கு எதிரே பூவரச மரம் ஒன்று நின்றது. அதன் கொப்பு ஒன்று சரியாகக் கோட்டுக்கு மேலே நீண்டிருந்தது.

தொட்டில் போடும் சடங்கு அங்கேயே நடந்தது. நல்ல காற்று வருகிற இடம், வாசலிலிருந்து பார்த்தாலே தெரியும், பிள்ளையும் தூங்குகிறான் என்பதால் செண்பகவல்லி ஒன்றும் சொல்லவில்லை. கிழக்கே ஒருவர், மேற்கே ஒருவர் உட்கார்ந்து ஒரே அளவாகத் தள்ள வேண்டும். நிறுத்தக்கூடாது. நின்றால் தொட்டில் நேராகக் கோட்டின்மேல் தொங்கும். அப்போது பிள்ளை எந்தத் தொகுதியிலும் இல்லை என்று ஆகிவிடும்.

“ஊரே இல்லாத பிள்ளைன்னு ஆயிருவானேவே, பாவம்” என்றார் பூதத்தான். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். டிரைவரும் இறங்கினார். “ஒருத்தரு அந்தப் பக்கம், ஒருத்தரு இந்தப் பக்கம் நில்லுங்க சார்” என்று இசக்கிமுத்து ஓடிவந்து இருவரையும் பிரித்து நிறுத்தினார்.

“கோடு எங்கே?” என்றார் அதிகாரி.

“நீங்க மிதிச்சிக்கிட்டு நிக்கீங்க சார்.”

அதிகாரி காலைத் தூக்கிப் பார்த்தார். தெரு நெடுக வெள்ளைக்கோடு போவதைப் பார்த்தார். அது ஒரு வீட்டின் வாசல்படியில் ஏறி உள்ளே நுழைவதையும் பார்த்தார். இருபுறமும் ஊர் முழுக்க அசையாமல் நிற்பதைப் பார்த்தார்.

“படத்தில் போடச் சொன்னேன்.”

கோமதிநாயகம் பரணிலிருந்து வரைபடத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு கறை இல்லை. “கோடு போட்டு அழுக்காக்கல சார்” என்றார்.

அதிகாரி பேசத் தொடங்கினார். சமம் என்றால் கணக்குக்குத்தான் என்றார். கடைக்குப் போகலாம், தண்ணீர் பிடிக்கலாம், யார் வீட்டுக்கு வேண்டுமானாலும் போகலாம், வீடு எந்தப் பக்கமோ ஓட்டு அந்தப் பக்கம், அவ்வளவுதான் என்றார். உடனே குடங்களோடு பெண்கள் அடிபம்பை நோக்கி ஓடினார்கள்.

“அப்ப என் வீடு எந்தப் பக்கம் சார்?” என்றார் பூதத்தான்.

அதிகாரி அந்த வீட்டைப் பார்த்தார். வாசல் வழியாகத் தெரிந்த உள்சுவர் ஓட்டையையும் பார்த்தார்.

“அதை அப்புறம் பாப்போம் சார். பிள்ளை எந்தப் பக்கம்?” என்றார் கோமதிநாயகம்.

“எந்தப் பிள்ளை?”

தொட்டிலைக் காட்டினார்கள். எதற்காகக் கோட்டுக்கு மேல் கட்டியிருக்கிறது, எதற்காக இருபுறமும் ஆள் உட்கார்ந்திருக்கிறது என்பதையெல்லாம் இசக்கிமுத்து தூக்குக்குண்டை வைத்தே விளக்கினார். அதிகாரி கடைசிவரை கேட்டார். கர்ச்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“பிள்ளைக்கு ஓட்டு கிடையாதுய்யா. பதினெட்டு வயசு ஆகட்டும், அப்புறம் எந்தப் பக்கம்னு பார்த்துக்கலாம்.”

கமிட்டி ஒதுங்கிப்போய்க் கூடியது.

“பதினெட்டு வயசு வரைக்குமாம்வே” என்றார் கோமதிநாயகம்.

இசக்கிமுத்து கொப்பை அண்ணாந்து பார்த்தார். “கொப்பு தாங்கும். கயிறைத்தான் அப்பப்ப மாத்திக்கிடணும்.”

“பள்ளிக்கூடம் போற வயசு வந்துட்டா?”

“வாத்தியாரும் கூடவே ஆடட்டும்.”

“அவருக்கு எந்தப் பக்கம்வே ஓட்டு?” என்றார் பூதத்தான்.

“அது கெடக்கட்டும், தொட்டில் தள்ளுறதுல யாருக்கு எந்த முறைன்னு இப்பவே பேசிக்கிடுவோம். பெறவு தகராறு வரக்கூடாது” என்றார் கோமதிநாயகம்.

தொட்டிலைத் தள்ளிக்கொண்டிருந்த இரண்டு பேரும் தங்களுக்குக் காலை முறைதான் வேண்டும் என்று எழுந்து வந்துவிட்டார்கள். பேச்சு வளர்ந்தது. வேல்துரை தனக்கு இரண்டு முறை தர வேண்டும் என்றான். தகப்பன் என்பதற்காக முறையை வளைக்க முடியாது என்றார் கோமதிநாயகம்.

மரத்தடியில் அதிகாரி வரைபடத்தை முழங்கால்மேல் விரித்து, பேனா மூடியைப் பல்லால் கழற்றினார். தொட்டில் ஆட்டம் குறைந்து குறைந்து வந்தது. உள்ளே ஒரு சிணுங்கல் கேட்டது. அதிகாரி படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் இடது கையை நீட்டி, தொட்டிலை மேற்கே தள்ளிவிட்டார்.